காலை ஆறு மணிக் குளியலறை: மாற்றுத்திறனாளிகள் கோடை முகாம், தொண்டராகச் சேரப் போகிறவர்களுக்கு

மே பிறந்தால் கொங்குப் பக்கத்துத் திருச்சபைப் பள்ளி விடுதிகள் காலியாகிவிடும். விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம், பாடகர் முகாம் எல்லாம் அங்கேதான் நடக்கும். கோவைக்கு வடக்கே அப்படியொரு விடுதியில், கத்திரி வெயில் நேரத்தில், ஆறு நாள் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம் ஒன்று நடக்கிறது. அதில் தொண்டராகச் சேர நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். எங்களில் ஒருவர் சிறப்புப் பள்ளி ஆசிரியர், இன்னொருவர் பிசியோதெரபிஸ்ட். குறைகளையும் சொல்லப் போவதால் முகாமின் பெயரைப் போடவில்லை. இங்கே வைத்திருக்கும் அளவுகோலை எந்த முகாமுக்கும் வைத்துப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சேரலாம். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கும் டி-ஷர்ட்டுக்கும் சேர்த்து 1,500 ரூபாய் நீங்கள்தான் கட்ட வேண்டும், இரண்டாம் நாளே இடுப்பு வலிக்கும். அப்படியும் சேரச் சொல்வதற்குக் காரணம், வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டர் என்ற கணக்கை இவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. 40 பேர் வந்தால் தொண்டர்கள் 46 பேர். மேலே இருக்கும் ஆறு பேர் மாற்று ஆட்கள். இது ஆடம்பரம் இல்லை. முகாமில் மூன்றாம் நாள் யாருக்காவது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தே தீரும். மாற்று ஆள் இல்லாத முகாமில் அன்றிலிருந்து ஒரு தொண்டர் இரண்டு பேரைப் பார்ப்பார். அவசரத்தில் தூக்குவார், அவசரத்தில் ஊட்டுவார். விபத்துகள் நடப்பது அப்போதுதான்.

வருகிறவர்களை இங்கே ‘விருந்தாளி’ என்றுதான் சொல்கிறார்கள், பயனாளி என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. பேச்சிலும் அந்த மரியாதை இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையையே ‘வாங்க, உக்காருங்க’ என்று கூப்பிடும் ஊர் இது. ஆனாலும் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள 35 வயது ஆணைப் பார்த்ததும் பல தொண்டர்களுக்கு ‘செல்லம்’ என்று வாயில் வந்துவிடுகிறது. பயிற்சியில் இதை முதல் மணி நேரத்திலேயே திருத்துகிறார்கள்: வயதுக்கு ஏற்ப அண்ணா, அக்கா, தம்பி, பாப்பா. கேள்வியை அம்மாவிடம் கேட்காமல் அவரிடமே கேட்க வேண்டும்.

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே குடும்பத்தாரிடம் நான்கு பக்கப் படிவம் வாங்குகிறார்கள். மாத்திரைகளும் அவற்றின் நேரமும், வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, சோறு குழைய வேண்டுமா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார் என்று எல்லாம் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்த கேள்வி இது: ‘ஆமாம், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வார்?’ ஒருவர் கண்ணை மேலே உயர்த்துவார், ஒருவர் நாக்கை நீட்டுவார், ஒருவர் இடது கையை மூடுவார். இது தெரிந்து போகும் தொண்டருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் வேளைச் சாப்பாட்டிலேயே தெரிந்துவிடும். படிவத்தின் நகல் பத்து நாள் முன்னதாகத் தொண்டர் கைக்கு வருகிறது. வாங்கி வைத்துவிட்டு முதல் நாள் காலை பிரித்துப் பார்க்காதீர்கள்.

பயிற்சி ஒரே ஒரு நாள்தான், ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் தொடங்கி இரவு வரை. சக்கர நாற்காலி வகுப்பு நன்றாக இருக்கிறது. தொண்டர்கள் ஒருவரை ஒருவர் உட்காரவைத்துத் தள்ளிப் பழகுகிறார்கள். இறக்கத்தில் திருப்பிக்கொண்டு, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி, பின்னோக்கி இறங்க வேண்டும். ஜல்லியிலும் செம்மண்ணிலும் முன் சக்கரத்தைத் தூக்கி, பின் சக்கரம் இரண்டில் மட்டும் ஓட்ட வேண்டும். முன் சக்கரம் குழியில் சிக்கினால் நாற்காலி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் நிற்க மாட்டார். முகம் குப்புறப் போய் விழுவார். இடுப்புப் பட்டை அதற்குத்தான். துப்பட்டாவை முடிந்துகொள்ளச் சொல்வதும் நியாயமே, சக்கரத்தின் ஆரக்காலில் சுற்றினால் தள்ளுகிறவரே விழுந்துவிடுவார். படியில் தூக்கும்போது, உட்கார்ந்திருப்பவர் கை வைக்கும் பக்கத் தாங்கியைப் பிடிக்கக் கூடாது. கழற்றி மாட்டும் வகை என்றால் அது கையோடு வந்துவிடும். சட்டத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையையும் ஒழுங்காகவே சொல்லித் தருகிறார்கள். நாற்காலியை அவருடைய பலமுள்ள பக்கம், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகக் கொண்டுவந்து, பிரேக் போட்டு, கால்மிதியை மடக்கிவிட்டு, அதன் பிறகே ஆளைத் தொட வேண்டும். அக்குளில் கைவிட்டு இழுக்கக் கூடாது. செயலிழந்த கையின் தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பைச் சுற்றி ஈரோட்டுத் துண்டு ஒன்றை மடித்து இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்குகிறார்கள். கடையில் விற்கும் பெல்ட் இல்லாத இடத்தில் இது கைகொடுக்கும். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ எண்ணுவது விருந்தாளி. அவர் எண்ணும்போது அவர் உடம்பும் தயாராகிறது.

இனி குளியலறை. எந்த முகாமையும் அங்கே வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. மேடையில் பாட்டும் கைத்தட்டலும் எல்லா முகாமிலும் நன்றாகத்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு மனிதரை எப்படி மலம் கழிக்க வைக்கிறார்கள், எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

விடுதிக் குளியலறைக் கதவு இரண்டேகால் அடி அகலம். மடக்கும் சக்கர நாற்காலி சாதாரணமாக இரண்டு அடி, அதற்கும் ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கும். நுழைந்தாலும் விரல் நசுங்கும். முகாம்காரர்கள் கதவைக் கழற்றிவிட்டு இரட்டைத் திரை போட்டு, வாசலில் ‘ஆள் உண்டு’ பலகை மாட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனை. தரையில் பதித்த கழிப்பறையின் மேலே நடுவில் ஓட்டையிட்ட கமோடு நாற்காலியை நிறுத்துகிறார்கள். அதன் நான்கு காலிலும் ரப்பர் குமிழ் இருக்கிறதா என்று தினமும் நீங்களே பாருங்கள். ஒன்று தேய்ந்திருந்தாலும் சோப்புத் தண்ணீரில் வழுக்கும். ஒரே பாலினத் தொண்டர்தான் உள்ளே போகலாம். உதவி செய்யும் உடல் பகுதியைத் தவிர மற்றது துண்டால் மூடியே இருக்க வேண்டும் என்ற விதியைக் கறாராகப் பிடிக்கிறார்கள். இதற்காகவே இவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

வெந்நீரில் ஒரு எச்சரிக்கை. தண்டுவடம் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே சூடு தெரியாது, ‘சுடுது’ என்று சொல்ல மாட்டார். விளாவிய தண்ணீரை உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். வாளியில் கம்பி ஹீட்டர் போடுவதை முகாமே தடை செய்திருக்கிறது. உடுத்தும்போது ஒரு பக்கம் செயலிழந்தவருக்குச் சட்டையைப் பலவீனமான கையில் முதலில் மாட்ட வேண்டும். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் பத்து நிமிடம் போராட்டம், அவருக்கு வலியும் கூட. திருப்பூர் பனியன் துணி தளர்வாக, நன்றாக இழுபடும். வீட்டாரிடம் அதையே கொடுத்தனுப்பச் சொல்லலாம்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசையை அருகே போய்ப் பாருங்கள். நாற்பது வயதை நெருங்கும் ஓர் அக்கா, மூளை முடக்குவாதம், கழுத்து நிற்காது. தொண்டர் பெண் எதிரே, அவர் கண் மட்டத்துக்குச் சமமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். நின்றுகொண்டு ஊட்டினால் அக்கா அண்ணாந்து பார்க்க வேண்டும், அண்ணாந்தால் சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். அரிசிம்பருப்புச் சாதம் நெய் விட்டுக் குழைந்திருக்கிறது. சின்னக் கரண்டியில் பாதி. தாடை சற்றுக் கீழ்நோக்கி, வாயின் நடுவில் வைத்து, உதடு மூடும் வரை காத்திருந்து, கரண்டியை நேராக வெளியே எடுக்கிறாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, ‘அடுத்த வாய் குடுக்கட்டுங்களா அக்கா?’ என்கிறாள். ‘சித்த இருங்க கண்ணு’ என்று இழுத்து இழுத்து வருகிறது பதில். ஒரு தட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, கட்டியான குழைசாதத்தைவிட நீர்த்த ரசமும் தண்ணீரும்தான் விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஆபத்து. வேகமாக ஓடி, தொண்டை மூடுவதற்குள் தவறான வழியில் இறங்கிவிடும். செம்பைத் தூக்கி அண்ணாந்து வாயில் ஊற்றும் நம் பழக்கம் இவர்களுக்கு ஆகவே ஆகாது. டம்ளர் விளிம்பு உதட்டில் பட வேண்டும், வாய் வாயாகக் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. பார்வையற்றவர்களுக்கு இலை போடுவதே வசதி; உப்பும் ஊறுகாயும் கூட்டும் எந்த ஓரம் என்று அவர்களுக்கே தெரியும். வழக்கத்தை மாற்றிப் பரிமாறாமல் இருந்தால் போதும். தட்டு என்றால் கடிகார முள்ளை வைத்து ‘மூணு மணிப் பக்கம் பொரியல்’ என்று சொல்லுங்கள்.

சாப்பாடு பிரமாதம், ஆனால் கூடம் பிரச்சினை. லண்டன் மிஷன் (பழைய ஆங்கிலேய மிஷனரி அமைப்பு) காலத்துப் பாணிக் கட்டடம், உயரமான திண்ணை, கருங்கல் படி மூன்று, மொத்தம் ஒன்றரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சாய்வுதளம் வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படியானால் இங்கே 18 அடி தேவை. இவர்கள் போட்டிருப்பது ஒன்பது அடிப் பலகை. ஏற இரண்டு ஆள், இறங்க இரண்டு ஆள், தானே நாற்காலி ஓட்டும் விருந்தாளிக்கு வழியே இல்லை. மூன்று வேளையும் அவர் யார் வருவார் என்று கீழே காத்திருக்கிறார். கோடை மழை பெய்தால் பலகை வழுக்கும். எதிரே தரைமட்டத்தில் நாலு அங்குல வாசற்படியோடு இரண்டு வகுப்பறைகள் இருக்கின்றன, அங்கே நாலடிப் பலகை போதும். சாப்பாட்டை அங்கே மாற்றச் சொல்லி அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறோம். நீங்கள் போகும்போதும் சொல்லுங்கள்.

வெயிலை எடுத்துக்கொண்டால், காலை 11 முதல் மாலை 3.30 வரை வெளியே யாரும் போவதில்லை, சரியான முடிவு. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லை. ஈரத்துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஆளை உட்கார வைக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது பக்கவாட்டில் சாய்ந்தோ கையூன்றி எழும்பியோ அழுத்தத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். ஆறு நாள் முகாமில் வரும் புண் ஆற ஆறு மாதம் ஆகலாம்.

பயிற்சியில் விட்டுப்போன பெரிய விஷயம் ஒன்று. நடு முதுகுக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை என்று வந்தால் அது இரத்த அழுத்தம் எகிறுவதன் அடையாளம். தலைவலிதானே என்று படுக்க வைப்பார்கள். படுத்தால் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அடங்கவில்லை என்றால் 108. முகாமில் செவிலியர் இருக்கிறார், ஆனால் அவர் வந்துசேரும் ஐந்து நிமிடம் உங்கள் கையில்.

வலிப்புக்கான பயிற்சி தெளிவு: ஒருக்களித்துப் படுக்க வைப்பது, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது, கடிகாரம் பார்ப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை. கையில் சாவிக்கொத்து திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் கூடவே கூடாது. இருந்தும் சமையற்கட்டிலிருந்து யாராவது இரும்போடு ஓடிவருவார்கள், அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

ஆராதனை நேரம் பற்றி எங்களுக்குக் கலவையான கருத்து. பாட்டு உற்சாகமாக இருக்கிறது. நடக்க முடியாதவர்களும் தலையாட்டிப் பாடுவதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் கீபோர்டும் டிரம் பேடும் ஒலிபெருக்கியில் அதிர, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். காது மூடிகள் நான்கே நான்கு இருந்தன. அமைதி அறை உண்டு, ஆனால் அது ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. மழை வந்து கரண்டு போனதும் அமைதி அறைதான் முகாமிலேயே அதிகச் சத்தமுள்ள இடம். சைகை மொழிபெயர்ப்பாளர் நல்ல திறமைசாலி. அவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்துகிறார்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வர, முகமும் கையும் இருட்டாகத் தெரிகிறது. பத்தடி தள்ளி நிறுத்தினால் தீர்ந்தது.

செய்தி கொடுக்கும் விதம் நன்று. கூரையைப் பிரித்து, நடக்க முடியாத நண்பனை இயேசுவின் முன் இறக்கிய நான்கு பேர், இரண்டு காலும் முடமாகியும் அரசனின் பந்தியில் தினமும் உட்கார்ந்த மேவிபோசேத், பிறவியிலேயே பார்வையற்றவனைப் பற்றி ‘யார் செய்த பாவம்’ என்று சீஷர்கள் கேட்டதும் ‘யார் பாவமும் இல்லை’ என்று இயேசு சொன்னதும் என மூன்று வேதாகமப் பகுதிகளை எடுத்துப் பேசுகிறார்கள். வீட்டில் ‘எந்தப் பாவமோ’ என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்றாவது பகுதி எவ்வளவு தேவை என்பதை அவர்கள் முகத்தில் பார்க்கலாம். மேடைக்கு வரவழைத்து, நாற்காலியை விட்டு எழச்சொல்லி ஜெபிக்கிற வழக்கம் இங்கே இல்லை. கேட்கிறவருக்குத் தனியே ஜெபிக்கிறார்கள். வேறு மதக் குடும்பங்களிலிருந்தும் பலர் வருகிறார்கள். காலை தியானம் கட்டாயமில்லை என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது, வராதவர்களுக்கு அதே நேரத்தில் கைவேலை வகுப்பு நடக்கிறது.

மாலை விளையாட்டில் பொச்சியா எங்களுக்கு மிகவும் பிடித்தது. மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே ஆடும் பாராலிம்பிக் ஆட்டம்: சிவப்புப் பந்து ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஒன்று, வெள்ளைக்கு அருகே யார் பந்து நிற்கிறது என்பதே கணக்கு. அசல் தோல் பந்து விலை அதிகம். இவர்கள் பனியன் துணியில் கொள்ளு நிரப்பித் தைத்திருக்கிறார்கள். அசல் பந்து 275 கிராம், சுற்றளவு 27 செ.மீ.; கொள்ளு அதே எடைக்கு அதே பருமன்தான் வருகிறது! உருண்டு ஓடாமல் சொன்ன இடத்தில் நிற்கும். கை வராதவருக்கு நான்கு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து சாய்வு செய்து, பந்தை விரலாலோ நெற்றியாலோ தள்ளிவிடச் செய்கிறார்கள். சாய்வைப் பிடித்திருக்கும் தொண்டர் ஆட்டக்களத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், திரும்பிப் பார்த்துத் திசை சொல்லக் கூடாது. ஆட்டம் அவருடையது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சேலத்துக்காரர் என்பதால் சொந்தக்காரர் மாதிரி பேசுகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைக் குட்டிக்கரணம் போட விடாதீர்கள், கழுத்தெலும்பு இணைப்பு சிலருக்குத் தளர்ந்திருக்கும்.

கடைசி இரவு கலைநிகழ்ச்சியை மூன்றடி மேடையில் வைக்கிறார்கள். ஒவ்வொரு நாற்காலியையும் நான்கு பேர் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கி, பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். தரையிலேயே பவானி ஜமுக்காளம் விரித்து நடத்தலாம். ஓரத்தை அகல டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் முன் சக்கரம் அதில் ஏறிச் சுருட்டிக்கொள்ளும்.

இரவுப் பணி இன்னொரு குறை. புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். 10, 12, 2, 4 என்று குறித்துக் கையெழுத்தும் போடுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இரவு விழித்தவரே காலை ஆறு மணிக் குளியலுக்கும் வர வேண்டியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பிரேக் போட மறப்பார்கள். மாற்று ஆட்கள் ஆறு பேரைக் காலைக்கு விட்டால் போதும்.

பாதுகாப்பு விதிகள் கெட்டியாக இருக்கின்றன. தனிப்பட்ட உதவி செய்ய 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 16, 17 வயதினருக்கு விளையாட்டும் பரிமாறலும் மட்டும். மூடிய அறையில் ஒரு தொண்டரும் ஒரு விருந்தாளியும் தனியே இருக்கக் கூடாது; குளியலறையில்கூடத் திரைக்கு வெளியே இரண்டாவது ஆள் நிற்கிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தைப் பற்றி ஒரு மணி நேர வகுப்பு உண்டு. குளியல், சாப்பாடு, அழுகை ஆகியவற்றைப் படம் எடுத்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முகாம் முடிந்த பின்னர்தான் இவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஆறு நாள் ஒருவரோடு ஒருவராக இருந்துவிட்டு, பிரியும்போது ‘அடுத்த வாரம் வீட்டுக்கு வர்றேன்’ என்று தொண்டர்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுகிறார்கள். வருடம் முழுவதும் வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவருக்கு அந்தச் சொல் காலண்டரில் குறித்து வைக்கும் தேதி. வர முடியாது என்றால் சொல்லாதீர்கள். மாதம் ஒரு போன் செய்ய முடியும் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள், செய்யுங்கள். முகாம் நடத்துகிறவர்களும் ஊர் வாரியாகத் தொண்டர்களைப் பிரித்து, அந்தந்தச் சபையின் வாலிபர் சங்கத்திடம் பெயர்களைக் கொடுத்தால் நல்லது. இப்போது அப்படி எதுவும் இல்லை.

எந்த முகாமுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தாலும் முதலில் போன் செய்து, மாற்று ஆட்கள் எத்தனை பேர், படிவம் எப்போது கைக்கு வரும், காலைக் குளியலுக்கு யார் யார் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பையில் நகம் வெட்டி, வழுக்காத ரப்பர் செருப்பு, இரண்டு பெரிய துண்டு, கைக்கடிகாரம் எடுத்து வையுங்கள். மோதிரமும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும், உணர்வில்லாத தோலில் அவை கீறினால் கீறியது இருவருக்குமே தெரியாது.